ஒரு வாட்டுக்கு எவ்வளவு வேலை?

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வுக்கூடத்தில், 2002-ல் ஏசி இல்லாத தூசி படிந்த ஒரு கிடங்கில் ‘கிரீன் டெஸ்டினி’ என்ற கணினித் தொகுப்பு இயங்கத் தொடங்கியது. கணினி அறிவியலாளர் வூ-சுன் ஃபெங்கின் குழு அதை உருவாக்கியது. அதிலிருந்த 240 பிராசஸர்களும் டிரான்ஸ்மெட்டா நிறுவனம் மடிக்கணினிகளுக்காகத் தயாரித்து விற்றவை. ஒவ்வொன்றும் சுமார் 6 வாட் மட்டுமே எடுத்துக்கொண்டது. மொத்தத் தொகுப்பும் டெலிபோன் பூத் அளவுள்ள ஒரே அலமாரியில் அடங்கிவிட்டது. கிடங்கிலோ 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம். ஊர் கடல்மட்டத்துக்கு மேல் 2,000 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தி குறைவு. ஆகவே அது சூட்டைக் கடத்திச் செல்வதும் குறைவு. இத்தனைக்கும் நடுவில், இரண்டாண்டுக் காலம் எதிர்பாராத பழுது எதுவும் இல்லாமல் தொகுப்பு ஓடியது என்று குழு பதிவு செய்திருக்கிறது. உயர்திறன் கணினிகளை வேகத்தால் மட்டும் எடைபோடுவது தவறு, ஒரு வாட் மின்சாரத்துக்கு எவ்வளவு கணக்கு முடிகிறது என்பதே முதல் கேள்வி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கடையில் கிடைக்கும் கணினிகளைக் கோத்துப் பெரிய கணக்குகளைப் போடலாம் என்பதை 1994-லேயே நாசாவின் காடர்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் காட்டிவிட்டார்கள். 16 பெர்சனல் கம்ப்யூட்டர்களை ஈதர்நெட்டால் இணைத்த அந்த ‘பேவுல்ஃப்’ முறை, பணம் குறைந்த பல்கலைக்கழகங்களுக்கும் வழி திறந்தது. ஆனால் அப்போது பார்த்தது வாங்கும் விலையை, மின்கட்டணத்தை அல்ல. சிப் இயங்கும்போது செலவாகும் மின்திறன், கடிகார வேகத்தோடு நேராகவும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் உயர்கிறது. வேகத்தைக் குறைத்தால் மின்னழுத்தத்தையும் குறைக்க முடியும் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இரண்டையும் பாதியாக்க முடிந்தால் செலவு எட்டில் ஒரு பங்காகும். அப்படிப்பட்ட இரண்டு சிப்கள் சேர்ந்து, பழைய வேலையைக் கால்பங்கு மின்சாரத்தில் முடிக்கும். நடைமுறையில் மின்னழுத்தத்தை அவ்வளவு இறக்க முடியாது, கசிவு மின்சாரமும் குறுக்கே நிற்கும். ஆனாலும் கணக்கு சாய்வது மெதுவான பல சிப்களின் பக்கம்தான். வெப்பம் பத்து டிகிரி கூடினால் மின்னணு உறுப்புகள் பழுதாகும் வீதம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்ற பொறியாளர்களின் தோராய விதியையும் சேர்த்துப் பாருங்கள். குளிர்ந்த சிப் மின்சாரத்தோடு பழுதுபார்க்கும் நேரத்தையும் மிச்சப்படுத்துகிறது.

தனித்தனியாக மெதுவான சிப்கள் எப்படிப் பெரிய கணக்கைத் தாங்கும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஒரு நிரலில் 5 சதவீதம் வரிசையாகத்தான் நடந்தாக வேண்டும் என்றால், எத்தனை ஆயிரம் சிப்களைச் சேர்த்தாலும் இருபது மடங்குக்கு மேல் வேகம் கூடாது. அம்டால் விதி சொல்வது அது. ஆனால் விண்மீன் திரள்களின் நகர்வு, வானிலை, மூலக்கூறுகளின் அசைவு போன்ற கணக்குகள் பெருமளவு பிரித்துக் கொடுக்கக்கூடியவை. இன்னொரு ஆட்சேபணை எனக்கு வலுவாகப் படுகிறது: சிப்பின் எண்ணிக்கை கூடினால் நினைவகம், நெட்வொர்க், மின்வழங்கி எல்லாம் கூடும், மிச்சம் பிடித்ததை அவை விழுங்கிவிடும். பார்சிலோனாவில் 2011-ல் தொடங்கிய ‘மான்-பிளாங்க்’ திட்டம் கைப்பேசிச் சிப்களை வைத்து முயன்றபோது நினைவகத்திலும் நெட்வொர்க்கிலும் சிக்கலைச் சந்தித்தது. நினைவகத்தில் ஒரு பிட் மாறிப்போனால் கண்டுபிடித்துத் திருத்தும் வசதி அந்தச் சிப்களில் இல்லை; இணைப்பு வேகமும் போதவில்லை. நாள்கணக்கில் ஓடும் கணக்கில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிழை புகுந்தால் விடையையே நம்ப முடியாது. ஆக, மலிவான எந்தச் சிப்பும் போதும் என்பதல்ல என் வாதம்.

ஒவ்வொரு சிப்பையும் மெதுவாக வைத்து, எண்ணிக்கையைப் பெருக்கும் வழி பின்னர் பெரிய இயந்திரங்களுக்கும் போனது. 2004 நவம்பரில் உலகின் வேகமான கணினிகளில் முதலிடத்தைப் பிடித்த ஐபிஎம்மின் புளூ ஜீன்/எல் 700 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர்களில் ஓடியது; அப்போது மேசைக் கணினிகளே 3 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியிருந்தன. விளையாட்டுக் கணினிகளுக்காக வளர்ந்த கிராபிக்ஸ் சிப்களும், வேகம் குறைந்த ஆயிரக்கணக்கான கணக்கு அலகுகளை ஒன்றாக ஓட்டுபவையே. 2007-ல் ஃபெங்கும் கிர்க் கேமரனும், உயர்திறன் கணினிகளை மின்சிக்கனத்தால் வரிசைப்படுத்தும் ‘கிரீன்500’ பட்டியலைத் தொடங்கியபோது, முதலிடத்தில் இருந்த இயந்திரம் வாட்டுக்கு நொடிக்குச் சுமார் 36 கோடி கணக்குகளைப் போட்டது. 2022-ல் ஃபிரான்டியர் என்ற சூப்பர்கணினி வாட்டுக்குச் சுமார் 5,200 கோடியை எட்டியது. ஆனால் அதன் மொத்தத் தேவை சுமார் 21 மெகாவாட். திறன் பெருகியும் கட்டணம் குறையவில்லை, ஏனெனில் மிச்சமான மின்சாரத்தில் இன்னும் பெரிய கணக்கையே போடுகிறோம். ஆகவே சிறிய ஆய்வுக்கூடம் ஒன்று தொகுப்பு வாங்க ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, விற்பவர் சொல்லும் உச்ச வேகத்தை ஏற்றுக்கொள்ளாமல், தன் சொந்த நிரலை ஓட்டிக் குளிரூட்டலையும் சேர்த்து அளந்த மின்செலவைக் கேட்டு வாங்க வேண்டும்.