67 லட்சம் வரிகளுக்கு ஒரே கையெழுத்து

2005-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் தேதி, சனிக்கிழமை. அமெரிக்காவின் மேற்குக் கரை நேரப்படி பிற்பகல் 3 மணி 20 நிமிடம். லினக்ஸ் மென்பொருளின் உட்கருவான 'கெர்னல்' முழுவதும் 'கிட்' என்னும் புதிய பதிவேட்டில் ஒரே மூச்சில் ஏற்றப்பட்டது. 17 ஆயிரத்துக்கு மேற்பட்ட கோப்புகள். 67 லட்சத்துக்கு மேற்பட்ட வரிகள். ஏற்றியவர் லினக்ஸைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸ். பதிவேட்டையும் அவரே இரண்டு வாரங்களுக்குள் எழுதி உருவாக்கியிருந்தார்.

கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்றைப் பலர் சேர்ந்து எழுதும்போது யார், எந்த நாளில், எந்த வரியை, எதற்காக மாற்றினார் என்று குறித்துவைப்பதே இத்தகைய பதிவேட்டின் வேலை. கணக்குப் பிள்ளையின் பேரேடு போன்றதுதான். தவறு நேர்ந்தால் பின்னோக்கிப் புரட்டி, முந்தைய நிலைக்குத் திரும்பலாம்.

இத்தனை அவசரம் ஏன்? 2002 முதல் லினக்ஸ் குழுவினர் 'பிட்கீப்பர்' என்ற தனியார் மென்பொருளில் பதிவு வைத்துவந்தனர். அவர்களுக்கு அது இலவசம். ஆனால் அதற்குப் போட்டியாக எதையும் உருவாக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பிட்கீப்பருடன் பேசக்கூடிய ஒரு சிறு கருவியை எழுதினார். பிட்கீப்பரின் உரிமையாளர் லாரி மக்வாய்க்கு இது பிடிக்கவில்லை. இலவச உரிமை விலக்கிக்கொள்ளப்பட்டது. வாடகை வீட்டைத் திடீரென்று காலி செய்யச் சொன்ன கதைதான். (அதே பிட்கீப்பர் 2016-இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அதற்குள் ஊர் கூடாரம் மாறிவிட்டது.)

வீடு மாறும்போது பழைய சாமான்களை என்ன செய்வது? மூன்றாண்டுப் பதிவுகள் கைவசம் இருந்தன. அவற்றையும் சேர்த்து ஏற்றினால் 3.2 ஜிகாபைட் இடம் பிடிக்கும். பிறந்து சில நாட்களே ஆன கருவிக்கு அது வீண் சுமை. பிறகு வேண்டுமானால் தனியாகச் செய்துகொள்ளலாம். இப்படி முதல் பதிவிலேயே குறிப்பு எழுதிவிட்டு, அன்றைய நிலையை மட்டும் ஏற்றினார் டோர்வால்ட்ஸ். அந்த நெருக்கடியில் அது நியாயமான முடிவு என்றே சொல்ல வேண்டும். ஜூன் 17-இல் அடுத்த பதிப்பு வெளிவந்துவிட்டது. வேலை தடைப்படவில்லை.

ஆனால் விலை ஒன்று இருந்தது. 2005-க்கு முன் எழுதப்பட்டு இன்றும் மாறாமலிருக்கும் ஒரு வரியை யார் எழுதினார் என்று கிட்டைக் கேட்டால், டோர்வால்ட்ஸ் பெயரையும் அந்த ஏப்ரல் தேதியையுமே அது காட்டும். உண்மையில் எழுதியவர்களோ உலகெங்கும் இருந்த எத்தனையோ பேர். நிலத்துக்கு வில்லங்கச் சான்று கேட்டுப் போனால், 2005-க்கு முந்தைய பக்கங்களே இல்லை என்று கைவிரிப்பதற்கு ஒப்பானது இது. பெயர் போனது மட்டுமல்ல, காரணமும் போயிற்று. விசித்திரமாகத் தோன்றும் ஒரு வரியை நீக்கலாமா, அல்லது ஏதோ ஒரு பழைய இயந்திரத்துக்காக வேண்டுமென்றே வைத்ததா? பழுதுபார்ப்பவர் திகைத்து நிற்கும் இடம் இதுதான்.

பழையதைப் பின்னர் முன்னால் ஒட்டிவிடலாமே என்று தோன்றலாம். கிட்டின் அமைப்பு அதற்கு இடம் தராது. ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள அடையாள எண், அதன் உள்ளடக்கத்தையும் அதற்கு முந்தைய பதிவின் எண்ணையும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. சங்கிலியின் தலையில் ஒரு கண்ணியைச் சேர்த்தால் பின்னுள்ள அத்தனை எண்களும் மாறிவிடும். ஏற்கெனவே பிரதி எடுத்துச் சென்றவர்கள் அனைவரும் தனித்து நிற்பார்கள். ஆகவே 1டிஏ177இ4 என்று தொடங்கும் அந்த முதல் பதிவு இன்றும் முதல் பதிவாகவே இருக்கிறது.

தாமஸ் க்ளைக்ஸ்னர் பிட்கீப்பர் காலப் பதிவுகளை கிட் வடிவுக்கு மாற்றித் தனிக் களஞ்சியமாக வைத்தார். வேண்டுவோர் அதைத் தம் பிரதியில் மட்டும் ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம். மாமரத்தில் ஒட்டுக் கட்டுவதுபோல, கிட்டிலும் இதற்கு 'கிராஃப்ட்' என்றே பெயர். அதே ஆண்டில், வேறுபாடுகளை மட்டும் சேமித்துப் பொதிகட்டும் வசதியும் கிட்டுக்கு வந்தது. பயமுறுத்திய பருமன் வெகுவாகச் சுருங்கிற்று. சில மாதம் பொறுத்திருக்க முடிந்திருந்தால் முடிவே வேறாக இருந்திருக்கலாம்.

ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமைப் பதிவேட்டில் ஏற்றப்போகும் எந்த அலுவலகத்துக்கும் இதே கேள்வி எழும். பழைய பதிவு வேறொரு முறையில் இருக்குமானால் முதல் நாளே கொண்டுவருவதுதான் எளிது. இயந்திரம் தானே உண்டாக்கும் கோப்புகளை ஏற்ற வேண்டியதில்லை. ரகசியச் சொற்களை ஏற்றவே கூடாது. அடுத்த நாள் அழித்தாலும் முதல் நாள் ஏட்டில் அவை அப்படியே கிடக்கும்.

லினக்ஸின் ஆரம்ப காலமோ, அதாவது 1991 முதல் 2002 வரை, எந்தப் பதிவேட்டிலும் ஏறாத காலம். பதிப்புகள் கட்டுகட்டாக வெளியாயின. திருத்தங்கள் மின்னஞ்சலில் வந்தன. அக்கட்டுகளை வரிசையாக அடுக்கிப் பழைய சரித்திரத்தைச் சிலர் கட்டியெழுப்பியுள்ளனர். ஒரு கட்டுக்கும் அடுத்த கட்டுக்கும் நடுவே யார் கை எந்த வரியில் பட்டது என்பதை அறிய, பழைய கடிதங்களைத்தான் இன்றும் துழாவ வேண்டியிருக்கிறது.