பிரேக் கட்டை தேய்ந்து விட்டதா? மழைக்கு முன்னால் மாற்றி விடுங்கள்!

திண்டுக்கல்காரர்களுக்குப் பூட்டைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியது இல்லை. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு ஆச்சே! சைக்கிளைத் திருடன் கொண்டு போகாமல் இருக்கப் பூட்டு போடுகிறோம். சரி, சைக்கிள் நம்மைக் கொண்டு போய் பஸ் மீது மோதாமல் இருக்க என்ன செய்கிறோம்?

அதற்குத்தான் பிரேக். ஆனால் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

காரணம் இருக்கிறது. டயர் பஞ்சர் ஆனால் சைக்கிள் நின்று விடும். செயின் அறுந்தாலும் நின்று விடும். உடனே கடைக்குத் தள்ளிக் கொண்டு போகிறோம். பிரேக் தேய்ந்தால் மட்டும் சைக்கிள் ஜோராக ஓடும்! அதனால்தான் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று தோன்றுகிறது.

அந்த "நாளை"யில்தான் ஆபத்து.

செருப்பு பிரேக்!

பிரேக் பிடிக்காத சைக்கிளில் போகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலைத் தரையில் தேய்த்து நிறுத்துவார்கள். இதற்குப் பெயர் "செருப்பு பிரேக்". மெதுவாகப் போகும்போது இது நடக்கும். வேகமாகப் போனால் நடக்காது.

கணக்குப் பாருங்கள். 20 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் சைக்கிள் ஒரு வினாடியில் 5½ மீட்டர் ஓடி விடும். அதாவது, ஏறக்குறைய அரை பஸ் நீளம். குறுக்கே ஆள் வருவதைப் பார்த்து, கை பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே ஒரு வினாடி ஓடி விடும். அதற்குப் பிறகுதான் பிரேக்குக்கு வேலை. நாகல் நகர் மேம்பாலத்தில் இருந்து இறங்கும்போது மிதிக்காமலே வேகம் ஏறும். அங்கே செருப்பு என்ன செய்யும்?

பள்ளிப் பிள்ளைகள்

தமிழக அரசின் இலவச சைக்கிள் திட்டம் 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கியது. பிறகு மற்ற மாணவ, மாணவிகளுக்கும் விரிந்தது. அந்தச் சைக்கிள் வந்த பிறகு கிராமத்துப் பிள்ளைகள் பஸ்சுக்குக் காத்திருப்பது குறைந்தது.

ஆனால் புது சைக்கிள்தானே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. ஓட்டத் தொடங்கிய சில வாரங்களில் புது பிரேக் வயர் கொஞ்சம் தொய்யும். அப்போது ஒரு தடவை இழுத்துக் கட்ட வேண்டும். பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். மார்க் ஷீட்டைப் பார்க்கிற மாதிரி பிள்ளையின் பிரேக்கையும் மாதம் ஒரு முறை பாருங்கள்!

நீங்களே பார்க்கலாம்

இதற்கு மெக்கானிக் வேண்டாம். இரண்டு நிமிடம் போதும்.

1. சைக்கிளை நிறுத்தி, பிரேக்கை முழுப் பலத்துடன் அழுத்துங்கள். பிடி ஹேண்டில் பாரில் போய் முட்டினால் வயர் தொய்ந்து விட்டது, அல்லது கட்டை தேய்ந்து விட்டது.

2. முன் பிரேக்கைப் பிடித்துக் கொண்டு சைக்கிளை முன்னால் தள்ளுங்கள். முன் சக்கரம் உருளக் கூடாது. பின் பிரேக்கைப் பிடித்துத் தள்ளினால் பின் சக்கரம் தரையில் இழுபட வேண்டும். உருண்டால் பிரேக் போதாது.

3. கட்டையைக் குனிந்து பாருங்கள். ரப்பரில் கோடு கோடாகப் பள்ளம் இருக்கும். பள்ளம் மறைந்து வழவழ என்று ஆகி விட்டால், மாற்ற வேண்டிய நேரம்.

4. "கர்... கர்..." என்று இரும்பு உரசுகிற சத்தம் கேட்டால் ஓட்டவே ஓட்டாதீர்கள். ரப்பர் தீர்ந்து, தகடு ரிம்மைத் தின்கிறது என்று அர்த்தம். இன்றைக்குக் கட்டையோடு போகும். நாளைக்கு ரிம்மையும் மாற்ற வேண்டி வரும்.

5. வயர் பிரேக்காக இருந்தால் பிடிக்குப் பக்கத்தில் வயரைப் பாருங்கள். ஓர் இழை பிரிந்திருந்தாலும் வயரையே மாற்றி விடுங்கள். அவசரத்தில் அழுத்தும்போதுதான் அது அறுந்து போகும்.

மாற்றும்போது...

சாதாரண சைக்கிளுக்குக் கட்டை மாற்ற ஓட்டலில் ஒரு சாப்பாட்டுக் காசு கூட ஆகாது. ஆனால் சரியாகப் போட வேண்டும்.

ஒரு பக்கக் கட்டையை மட்டும் மாற்றக் கூடாது. இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்ற வேண்டும்.

தகட்டுக்குள் ரப்பரைச் செருகும் கட்டை என்றால், தகட்டின் ஒரு முனை திறந்து இருக்கும். மற்றொரு முனை மூடி இருக்கும். சக்கரம் சுற்றிப் போகிற திசையில் மூடிய முனைதான் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் பிரேக் பிடிக்கும்போது ரப்பர் வழுக்கி வெளியே வந்து விடும்! கடையில் நின்று கேட்கத் தயங்காதீர்கள். "அண்ணே, மூடின பக்கம் முன்னாடி இருக்கா?" என்று கேட்டால் யாரும் கோபித்துக் கொள்ள மாட்டார்கள்.

கட்டை ரிம்மில் மட்டுமே பட வேண்டும். டயரில் பட்டால் டயர் அறுபடும். சக்கரம் கோணலாக இருந்தால் முதலில் கோட்டம் எடுங்கள். இல்லாவிட்டால் வயர் பிரேக் விட்டு விட்டுத்தான் பிடிக்கும்.

செயினுக்கு எண்ணெய் விடும்போது ரிம்மில் ஒரு சொட்டுக் கூடப் படக் கூடாது. பட்டு விட்டால் சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடையுங்கள். டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளுக்கும் இதே விதிதான். அதன் தட்டில் எண்ணெய்க் கையை வைக்கக் கூடாது.

மழையும் மலையும்

நம் பக்கம் பெரிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். இரும்பு ரிம் நனைந்தால் நல்ல கட்டை கூட உடனே பிடிக்காது. சக்கரம் சில சுற்று சுற்றி, கட்டை தண்ணீரை வழித்த பிறகுதான் பிடிக்கும். தேய்ந்த கட்டை என்றால் கேட்கவே வேண்டாம். மழையில் எப்போதும் பிடிக்கிற இடத்துக்கு வெகு முன்னாலேயே லேசாகப் பிடிக்கத் தொடங்குங்கள்.

கியர் சைக்கிளில் சிறுமலைக்கு ஏறும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது பிரேக் தேவைப்படாது. இறங்கும்போது அதுதான் உயிர். மேலே இருந்து கீழே வரை பிரேக்கை அழுத்திக் கொண்டே வந்தால் ரிம் கொதிக்கும். டியூப் வெடிக்கவும் கூடும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறையுங்கள். வளைவில் கையைத் தளர்த்துங்கள்.

"முன் பிரேக் பிடித்தால் தூக்கி எறியும்" என்று பயந்து பின் பிரேக்கை மட்டும் நம்புகிறவர்கள் பலர். இது தவறு. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் வரும். அதனால் முன் பிரேக்குக்குத்தான் பலம் அதிகம். உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, இரண்டையும் ஒரே நேரத்தில் நிதானமாகப் பிடிக்க வேண்டும். அப்படிச் செய்தால் தூக்கி எறியாது.

இன்று மாலை வீட்டுக்குப் போனதும் சைக்கிளைப் பூட்டுவீர்கள். பூட்டுவதற்கு முன்னால் பிரேக்கை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள்!