கடிக்காத சேஃப்டி ஷூ

(இறுதியாண்டு, இயந்திரவியல் பிரிவு)

நண்பர்களே, இன்பிளாண்ட் டிரெயினிங் கிளம்பும்போது நாம் முதலில் வாங்குகிற பொருள் சேஃப்டி ஷூ. முதல் வாரத்திலேயே கழற்றி மூலையில் போடுகிற பொருளும் அதுதான்! ஏன் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: "ஷூ கடிக்குதுப்பா." பிறகு கேன்வாஸ் ஷூவிலும், சிலர் ரப்பர் செருப்பிலும் லேத் முன்னால் நிற்கிறார்கள். சூடான இரும்புச் சுருளுக்கும் வெல்டிங் பொறிக்கும் அந்த ரப்பர் செருப்பு எந்த மூலைக்கு?

எங்கள் சீனியர் ஒருவருக்கு நடந்தது இது. டிரெயினிங் போன இடத்தில் ஸ்டோரில் அவர் கேட்ட 9-ஆம் நம்பர் இல்லை. "8 போட்டுக்கோ தம்பி, போகப் போக லூஸ் ஆயிடும்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். நான்கே நாளில் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. மனுஷன் கேன்வாஸுக்கு மாறினார். மூன்றாம் வாரம் வைஸிலிருந்து நழுவிய ஜாப் நேராகப் பாதத்தில் விழுந்து இரண்டு விரலில் எலும்பு முறிவு. டிரெயினிங்கும் பாதியில் நின்றது.

"போகப் போக லூஸ் ஆயிடும்" என்ற வார்த்தையில் பாதிதான் உண்மை. தோல் இளகும். தோல் என்பது கொலாஜன் என்ற புரத நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் ஒரு வலை. காலின் சூடு, வியர்வையின் ஈரம், நடக்கும்போது ஏற்படும் மடிப்பு, இந்த மூன்றும் சேர்ந்து நார்களை மெல்ல நகர்த்தி நம் பாதத்தின் வடிவத்துக்குக் கொண்டுவருகின்றன. ஆனால் முன்னால் இருக்கும் இரும்புத் தொப்பி ஜென்மத்துக்கும் இளகாது. 200 ஜூல் அடியைத் தாங்குவதற்காகச் செய்தது அது. எம்.ஜி.எச். போட்டுப் பாருங்கள்: 20 கிலோ எடை ஒரு மீட்டருக்குச் சற்று மேலிருந்து விழுகிற அடி. அப்படிப்பட்ட இரும்பை உங்கள் சுண்டுவிரல் தள்ளி அகலப்படுத்துமா? ஆகவே விரல் பக்கம் இடிக்கிற ஷூவைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். குதிகால், கணுக்கால் பக்கம் லேசான விறைப்பு இருந்தால் வாங்கலாம், அது பழகிவிடும்.

கடைக்குச் சாயங்காலம் போங்கள். நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஷிஃப்ட் முடிகிற நேரத்துக் கால் அதுதான். டிரெயினிங்கில் போடப்போகிற அதே தடிமன் சாக்ஸைக் கையோடு கொண்டுபோங்கள். இரண்டு காலும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம், பெரிய காலுக்கு அளவு பாருங்கள். லேஸைக் கட்டாமல் பாதத்தை முன்னால் தள்ளி நின்றால் குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கூச்சப்படாமல் கடை நடுவிலேயே குந்தி உட்காருங்கள். ஃபவுண்டரியிலும் வெல்டிங்கிலும் பாதி வேலை குந்தித்தானே செய்கிறோம்? அப்போது இரும்புத் தொப்பியின் பின்விளிம்பு விரல் மூட்டில் குத்தினால் அந்த ஷூ வேண்டாம். நின்று பார்ப்பவர்களுக்கு இந்தக் குத்தல் தெரியவே தெரியாது.

அகலம் போதவில்லை என்று ஒரு நம்பர் கூட்டி வாங்குவது நம்மவர்களின் வழக்கம். ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் நீளம் சுமார் எட்டரை மில்லிமீட்டர் கூடும், குதிகால் உள்ளே வழுக்கும், வழுக்கினால் கொப்புளம். அதைவிட வேறு கம்பெனி ஷூவைப் போட்டுப் பார்ப்பது மேல். லாஸ்ட் என்கிற கால் வடிவக் கட்டை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மாணவிகள் பாடு இன்னும் கஷ்டம். ஆண்கள் ஷூவில் சின்ன நம்பரை எடுத்து நீட்டுகிறார்கள், குதிகால் பக்கம் தொளதொளவென்று ஆடுகிறது. பெண்களுக்கான லாஸ்டில் செய்த ஷூ கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 15298, பாகம் 2 என்று இருக்கிறதா பாருங்கள். பாகம் 3 என்றால் தாங்கும் அடி 100 ஜூல்தான், பாகம் 4-இல் தொப்பியே கட்டாயமில்லை. தயாரித்த தேதியையும் பாருங்கள். பி.யூ. சோல் காற்றிலுள்ள ஈரத்தால் பெட்டிக்குள்ளேயே மெல்லச் சிதையும். பல வருஷம் கிடந்த சரக்கு மலிவாகக் கிடைக்கும், போட்ட சில நாளில் சோல் பொட்டுக்கடலை மாதிரி உதிரும்.

இனி பழக்குவது. டிரெயினிங்குக்கு இரண்டு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள். முதல் மூன்று நாள் ஹாஸ்டலிலோ வீட்டிலோ ஒரு மணி நேரம், பிறகு இரண்டு, பிறகு அரை நாள். மாடிப்படி ஏறி இறங்குவது ரொம்ப நல்லது, மடிய வேண்டிய இடத்தில் தோல் மடியும். குதிகாலை நன்றாகப் பின்னால் தட்டி உட்கார வைத்துவிட்டு லேஸ் கட்டுங்கள். கணுக்கால் பக்கம் இறுக்கமும் விரல் பக்கம் கொஞ்சம் தளர்வுமாக இருக்கட்டும். எங்காவது சுரீர் என்று சூடு தெரிந்தால் அங்கேயே கழற்றி பிளாஸ்டர் ஒட்டுங்கள், கொப்புளம் வந்த பிறகு ஒட்டுவது இரண்டாம்பட்சம். வந்துவிட்டால் பிய்க்காதீர்கள்.

பாட்டி காலத்து வைத்தியமான விளக்கெண்ணெய் தோலுக்கு நல்லதுதான். புதுச் செருப்பு கடித்தால் அதைத்தானே தடவினோம்? கடிக்கிற இடத்தில் துணியில் தொட்டு மெல்லத் தடவினால் போதும். குளிப்பாட்டினால் தோல் தொய்ந்து, சோல் ஒட்டிய இடமும் விட்டுப்போகலாம்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. ஷூவைத் தண்ணீரில் ஊறவைத்து மொட்டை மாடி வெயிலிலோ, அடுப்புப் பக்கத்திலோ காயப்போடுவது. ஈரத்தோல் சூட்டில் சுருங்கும், நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மரக்கட்டையாகிவிடும். மழையில் நனைந்தால் உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, ஃபேன் காற்றில் நிழலில் வையுங்கள், தாளை இரண்டு மூன்று தடவை மாற்றுங்கள். சாக்ஸ் மட்டும் தினம் துவைத்தது. ரூம்மேட்டின் நலன் கருதியும் இதைச் சொல்கிறேன்!

கடைசியாக, சீனியர் பாதி விலைக்குத் தருகிற ஷூ. அதன் தோல் ஏற்கெனவே அவர் காலுக்குப் பழகிவிட்டது, உங்கள் காலுக்கு மறுபடி முழுசாகப் பழகாது. அந்தத் தொப்பி மேல் முன்பு என்ன விழுந்தது என்பதும் உங்களுக்குத் தெரியாது. ஒருமுறை பலத்த அடி வாங்கிய தொப்பி வெளியே நசுங்காமல் தெரிந்தாலும் மாற்றப்பட வேண்டியதே. அவரிடம் டிராஃப்டர் இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.