திருவாதிரை ஏன் சிவப்பு?

"இவ்வளவுதானா சார்?" ஆலங்காயம் தாண்டிக் காவலூர் வானாய்வகத்துக்கு மாணவர்களைக் கூட்டிப் போனால் யாராவது ஒருவன் இப்படிக் கேட்காமல் இருக்க மாட்டான். தொலைநோக்கியில் பார்த்தால் நட்சத்திரம் தாம்பாளம் மாதிரி தெரியும் என்று நினைத்து வருகிறார்கள். தெரிவது வெறும் புள்ளி. அங்குள்ள 2.34 மீட்டர் கண்ணாடியின் முக்கிய வேலை, முடிந்த மட்டும் ஒளியைச் சேர்ப்பது. மற்றதெல்லாம் அந்த ஒளியைப் பிரித்துப் பார்ப்பதில்தான்.

நிறமே வெப்பநிலையைச் சொல்லிவிடும். சிவந்த திருவாதிரையின் மேற்பரப்பு சுமார் 3,500 கெல்வின். அதே ஓரியன் கூட்டத்தில் நீலமாக மின்னும் ரைஜல் ஏறக்குறைய 12,000. நிறமாலையில் குறுக்கே ஓடும் கருங்கோடுகள் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று காட்டும். ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று சில அலைநீளங்களை மட்டுமே விழுங்கும்.

காவலூரின் அந்தத் தொலைநோக்கிக்குப் பெயர் தந்த வானியலாளர் வைணு பாப்பு சென்னையில் பிறந்தவர். அவரும் அமெரிக்கரான ஓலின் வில்சனும் ஊதா ஓரத்தில், 393 நானோமீட்டர் அருகே உள்ள கால்சியம் கோட்டை ஆராய்ந்தார்கள். சூரியனைப் போன்ற, அதைவிடக் குளிர்ந்த நட்சத்திரங்களில் அந்தக் கருங்கோட்டின் நடுவே மெல்லிய ஒளிக்கோடு ஒன்று தெரியும். நட்சத்திரம் உண்மையில் எவ்வளவு பிரகாசமானதோ அவ்வளவுக்கு அந்த ஒளிக்கோடு அகலம். இதை 1957-இல் வெளியிட்டார்கள். அகலத்தை அளந்தால் உண்மையான பிரகாசம் தெரியும். நம் கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தோடு ஒப்பிட்டால் தூரம் கிடைத்துவிடும். என்னைக் கேட்டால், பள்ளிப் பாடப்புத்தகம் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்கலாம்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தரையிலிருந்தே பிடிக்கலாம். விண்ணிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களைக் காற்றுமண்டலம் மறித்துவிடும் என்பதால் அவற்றைப் பிடிக்க 2015-இல் இந்தியாவின் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் மேலே போனது.

வானொலி அலைக்கு அந்தத் தடை இல்லை. பகலும் மேகமும்கூட அதற்குப் பொருட்டல்ல. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில், வானியலாளர் கோவிந்த் சுவரூப் முன்னின்று அமைத்த 530 மீட்டர் நீள வானொலித் தொலைநோக்கி 1970 முதல் இயங்குகிறது. அந்த மலைச்சரிவைத் தேடிப் பிடித்ததுதான் கெட்டிக்காரத்தனம். சரிவு சுமார் 11 பாகை, ஊட்டியின் அட்சரேகையும் அவ்வளவே. அதனால் கருவியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. அந்த ஒரே அச்சில் சுழற்றினால் போதும், வெடித்துச் செத்த நட்சத்திரத்தின் மிச்சமான பல்சரை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம்.