நெய்வேலி நடராசரும் திருக்கோடிக்காவலின் பழங்கற்படியும்

தமிழ்நாட்டின் பழைய ஊர்களுக்கு நடுவே நெய்வேலி முற்றிலும் புதிய ஊர். 1956 நவம்பரில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டு, 1957 மே மாதம் சுரங்கப் பணியைப் பிரதமர் நேரு தொடங்கிவைத்த பின், எண்ணிட்ட வட்டங்களாகப் பிரிக்கப்பட்ட டவுன்ஷிப் இங்கே எழுந்தது. ஒருபுறம் சிதம்பரமும் மறுபுறம் விருத்தாசலமும் இதிலிருந்து சிறு பயணத் தொலைவிலேயே இருக்கின்றன. இரண்டும் சோழர் காலக் கலையின் பெருந்தலங்கள். அவற்றில் விருத்தாசலம், தன் கோயில் சிற்பம் ஒன்றைக் களவு கொடுத்து, அது வெளிநாட்டு அருங்காட்சியகத்தில் விலைக்கு வாங்கப்பட்டுக் காட்சியில் நின்றதைக் கண்ட ஊர். பழம்பொருள் தொலைந்துபோன பின் அதன் இடத்தில் கலைஞர் எதைச் செய்யலாம் என்று இன்று உலகெங்கும் கேட்கப்படும் கேள்வியை, இந்தச் சிறு நிலப்பரப்பை வைத்தே பெருமளவு ஆராய்ந்துவிட முடியும்.

டவுன்ஷிப்பில் உள்ள நடராசர் கோயிலின் மூர்த்தி, அழகிய திருச்சிற்றம்பலமுடையான் என்னும் பெயருடைய ஐம்பொன் திருமேனி. செம்பை முதன்மையாகக் கொண்டு பிற உலோகங்கள் சேர்த்து வார்க்கப்படும் கலவையே ஐம்பொன் எனப்படுவது. சுமார் 10 அடி உயரமும் 2,400 கிலோவுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட இத்திருமேனி, சோழர் காலத்து நடராசர் வடிவத்தின் அளவையும் அமைதியையும் பின்பற்றுகிறது. ஆனால், பழமையானது என்று எவரும் அதைச் சொல்லிக்கொள்வதில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. ஆகம மரபில் திருமேனியின் சிறப்பு அது எந்த நூற்றாண்டில் வார்க்கப்பட்டது என்பதில் தங்கியிருக்கவில்லை. இலக்கணப்படி அமைந்து, முறைப்படி கண் திறக்கப்பட்டு, குடமுழுக்குக் கண்டதா என்பதில்தான் தங்கியிருக்கிறது. இக்கோயிலில் பக்தர்கள் தம் குறைகளை எழுதிப் போட்டு மணியடிக்கும் வழக்கமும் உண்டு. திருவாரூர் மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணி, அனல்மின் நிலையங்களின் ஊரில் இப்படி மறுபிறவி எடுத்திருப்பது, மரபு தன்னைப் புதுப்பித்துக்கொள்வதில் சற்றும் கூச்சப்படுவதில்லை என்பதற்குச் சான்று.

இந்தத் துணிவு இக்காலத்தில் தோன்றியதன்று. கண்டராதித்த சோழரின் தேவியான செம்பியன் மாதேவி, பத்தாம் நூற்றாண்டின் பிற்பாதியில் செங்கற்கோயில்கள் பலவற்றைக் கற்றளியாக, அதாவது முழுதும் கல்லால் ஆன கோயிலாக, மாற்றிக் கட்டுவித்தவர். விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலும் அவரது திருப்பணியைப் பெற்ற தலங்களில் ஒன்று. கருவறைச் சுவரின் கோட்டங்களில், அதாவது சிற்பம் நிறுத்துவதற்கான மாடங்களில், ஆடவல்லானையும் அர்த்தநாரியையும் இடம்பெறச் செய்தது அவர் எழுப்பிய கோயில்களின் அடையாளங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. பழைய கட்டடத்தைப் பெயர்த்துவிட்டுப் புதியதை எழுப்பியவர் என்பதால், இன்றைய தொல்லியல் சட்டங்களின் கண்ணால் பார்த்தால் அவர் மீது வழக்கே தொடுக்கலாம். ஆனால், காவிரிக்கரையில் உள்ள திருக்கோடிக்காவலில் அவரது திருப்பணி நடந்தபோது, பழைய கற்களில் இருந்த கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டுப் புதிய சுவர்களில் மீண்டும் பொறிக்கப்பட்டன. அவ்வாறு பொறித்தவர்கள், இதுவும் பழைய கல்லிலிருந்து எடுத்த படியே என்ற குறிப்பையும் உடன் வெட்டிவைத்தார்கள். பழங்கற்படி என்று கல்வெட்டாய்வாளர் வழங்கும் இக்குறிப்பினால், மூலம் அழிந்தாலும் மூலம் ஒன்று இருந்தது என்னும் செய்தி அழியாமல் நின்றது. தன்னைப் படி என்று அறிவித்துக்கொள்ளும் படிக்கு உலகில் இதைவிட நேர்மையான எடுத்துக்காட்டைக் காண்பது அரிது.

நேர்மையற்ற படிக்கும் அதே காவிரி நாட்டில் எடுத்துக்காட்டு உண்டு. 1951இல் சிவபுரத்தில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த நடராசர், சில ஆண்டுகளில் பழுதுபார்க்க அனுப்பப்பட்டபோது, அதன் அச்சிலேயே செய்யப்பட்ட போலி கோயிலுக்குத் திரும்பி வந்தது. மூலம் கைமாறிச் சென்றது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட், 1965இல் வெளியிட்ட சோழர் படிமங்கள் பற்றிய நூலில் இதைச் சுட்டிக்காட்டும்வரை, கோயிலில் இருப்பது மாற்று என்று வெளியுலகம் அறியவில்லை. 1973இல் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளை மூலத்தை 9 லட்சம் டாலருக்கு வாங்கியது. வழக்குக்கும் உடன்படிக்கைக்கும் பிறகு 1986இல் அது நாடு திரும்பியது. மெழுகில் உருவைச் செதுக்கி, வண்டல் மண்ணால் மூடி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றும் அதே மெழுகுவார்ப்பு முறைதான் வழிபாட்டுத் திருமேனியையும் போலியையும் தருகிறது. வேறுபாடு முழுவதும் செய்தவரின் நோக்கத்திலும், அது எந்தப் பெயரில் பீடமேறுகிறது என்பதிலுமே இருக்கிறது.

விருத்தாசலத்து இழப்பு கல்லில் நேர்ந்தது. கோட்டத்தில் நின்ற அர்த்தநாரீசுவரர் சிற்பம் களவுபோய், நியூயார்க்கில் கலைப்பொருள் கடை நடத்திய சுபாஷ் கபூரின் வழியாக 2004இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்கு, சுமார் 3 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் விலையில் விற்கப்பட்டது. சிற்பம் நெடுங்காலத்துக்கு முன்பே கோயிலை விட்டுச் சென்றுவிட்டது என்று காட்டும் ஆவணங்கள் உடன் வைக்கப்பட்டன. அவற்றைப் பொய்யாக்கியது ஒரு புகைப்படம். 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைத் திரட்டி வைத்திருக்கும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் தொகுப்பில், அச்சிற்பம் விருத்தாசலத்துக் கோட்டத்திலேயே நின்ற காட்சி இருந்தது. 2014 செப்டம்பரில், அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராசரோடு சேர்த்து, அர்த்தநாரீசுவரரை ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லியில் இந்தியாவிடம் ஒப்படைத்தார். ஆய்வாளருக்கென எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படம், எந்தத் திட்டமும் இல்லாமலே, இக்காலத்தின் பழங்கற்படியாகப் பணியாற்றியிருக்கிறது.

புகைப்படத்தின் வழியே பழங்கலையோடு நவீனக் கலை பேசத் தொடங்கியதும் நெடுநாளைய செய்தி. பிரெஞ்சுச் சிற்பி ரோடேன், சென்னை அருங்காட்சியகத்து நடராசர்களைப் படங்களில் மட்டுமே பார்த்து 1913இல் எழுதிய கட்டுரை, அவர் மறைந்த பின் 1921இல் அச்சேறியது. சென்னையில் 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் சிற்பிகள், குறிப்பாக பி.வி. ஜானகிராமும் எஸ். நந்தகோபாலும், உலோகத் தகட்டையும் கம்பியையும் கொண்டு, கோயில் படிமத்தின் நேர்முகப் பார்வையை நவீன வடிவமாக்கினார்கள். இவை மதிப்புக்குரிய பணிகளே. எனினும், இவர்கள் மரபிலிருந்து வடிவத்தை எடுத்துக்கொண்டார்களே தவிர, அந்த மரபு களவாடப்படுவதைத் தம் பொருளாக்கிக்கொண்டது குறைவு.

அந்த இடத்துக்கு நெருங்கி வந்தவர், கர்நாடகத்தைச் சேர்ந்தவரும் பரோடாவில் அருங்காட்சியகவியல் பயின்றவருமான சிற்பி எல்.என். தல்லூர். 2011இல் அவர் செய்த ‘யூனிகோட்’ என்னும் படைப்பில், நடராசரைச் சூழ்ந்திருக்கும் தீவட்டமான திருவாசி சோழர் பாணியிலேயே வெண்கலத்தில் நிற்கிறது. ஆடும் உருவம் இருக்க வேண்டிய இடத்தில், நாணயங்கள் பதித்த காங்கிரீட் உருண்டை ஒன்று அடைத்துக்கொண்டிருக்கிறது. படிமம் விலையாக மாறிய வரலாற்றைச் சொல்ல இதற்குமேல் விளக்கவுரை தேவையில்லை. கேலி சற்று எளிதாகக் கைகூடிவிட்டது என்று சொல்ல இடமுண்டு; ஆயினும், மெழுகுவார்ப்பின் இலக்கணத்தை அறிந்தவரின் கேலி என்பதால் அதற்குக் கனம் இருக்கிறது.

இழப்பையே பொருளாகக் கொண்ட படைப்புகளில், ஈராக்கிய வேர்கொண்ட அமெரிக்கக் கலைஞர் மைக்கேல் ராக்கோவிட்ஸ் 2007 முதல் செய்துவரும் தொடர் தனியிடம் பெறுகிறது. 2003 ஏப்ரலில் பாக்தாத் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டபோது காணாமற்போன பொருள்களை, அவற்றின் அளவிலேயே, மேற்காசிய உணவுப்பொருள்களின் அட்டைகளாலும் அரபுச் செய்தித்தாள்களாலும் அவர் மீண்டும் உருவாக்குகிறார். அருகே வைக்கப்படும் குறிப்பில், எப்பொருளின் படி இது, மூலம் எங்கே என்ற செய்தி இருக்கும். நினிவே நகர வாயிலில் காவல் நின்று, 2015இல் ஐ.எஸ். அமைப்பினரால் உடைக்கப்பட்ட சிறகுள்ள எருதின் உருவை, 2018இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்துப் பீடத்தில் 10,500 பேரீச்சம்பாகு டப்பாக்களால் அவர் எழுப்பினார். பேரீச்சம்பழம் ஈராக்கின் பெரும் ஏற்றுமதியாக இருந்து போர்களால் நசிந்த விளைபொருள். ஆகவே டப்பாவின் தகரமே இரண்டாவதோர் இழப்பையும் சொல்லிவிடுகிறது. தொலைவிலிருந்து பார்க்கையில் பழஞ்சிற்பம் போலத் தெரிவது, நெருங்கினால் மளிகைக்கடைச் சரக்காகி, மூலம் இங்கில்லை என்று உரக்கச் சொல்கிறது. திருக்கோடிக்காவல் கல்தச்சர்கள் எழுத்தால் செய்ததை இவர் பொருளால் செய்கிறார்.

நெய்வேலியில் இத்தகைய முயற்சி நடக்குமானால் அதற்கான பொருள் சுரங்கத்திலேயே கிடைக்கிறது. நிலக்கரிப் படுகையை அடையுமுன், பக்கெட் சக்கர எந்திரங்கள் 50 மீட்டருக்கும் அதிகமான மேல்மண்ணை வெட்டி அகற்றுகின்றன. அம்மண்ணோடு வெளிப்படும் வெண்களிமண் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலுக்குப் பயன்பட்டு வந்திருக்கிறது. தன் சிற்பத்தை இழந்த ஊரின் சூளைகளில், அதே நிலப்பரப்பின் அடியிலிருந்து வந்த களிமண்ணால் ஒரு படி சுடப்படுவது, பேரீச்சம்பாகு டப்பாவுக்கு ஈடான பொருத்தம் உடையது. கோட்டத்தில் வைத்து வழிபடுவதற்காக அன்று. கோட்டம் தன் சிற்பத்தை ஏன் இழந்தது என்பதைச் சொல்வதற்காக.

ஆனால், இந்நிலத்தின் இழப்புகள் அனைத்துக்கும் புகைப்படம் இல்லை. சுரங்கத்துக்காகக் கையகப்படுத்தப்பட்ட சிற்றூர்களில் இருந்தவை பெரும்பாலும் கற்றளிகள் அல்ல. அய்யனாருக்கு நேர்ந்துகொண்ட சுடுமண் குதிரைகளும், மரத்தடி அம்மன்களும், செங்கல் மேடைகளும் கிராமத்து வழிபாட்டின் வழக்கமான உருவங்கள். மழையில் கரைந்த குதிரைக்குப் பதில் குயவரான வேளார் புதிய குதிரை செய்துதருவதே இங்கு மரபாதலால், பழைய குதிரை போனது இழப்பாகாது. வேளாரும் குளத்துக் களியும் நேர்த்திக்கடன் செலுத்தும் குடும்பங்களும் வெவ்வேறு ஊர்களுக்குப் பிரிந்துபோவதே இழப்பு. ஆய்வு நிறுவனங்களின் படக்கருவி கருவறைச் சுவர்களை நோக்கியே பெரிதும் திரும்பியிருந்ததால், இவற்றுக்கான பதிவுகளை இனி இடம்பெயர்ந்த குடியிருப்புகளில் வாழும் முதியோரிடமிருந்துதான் திரட்ட வேண்டும்: எந்த மரம், எத்தனை குதிரை, எந்தத் திசை நோக்கி நின்றன, எந்த மாதத்தில் திருவிழா நடந்தது என்பவற்றை. படி எடுக்க முன்வரும் கலைஞருக்கு இங்கே முதலில் தேவைப்படுவது உளியோ மெழுகோ அன்று, அந்தப் பட்டியல்தான். அதைச் சொல்லத்தக்கவர்கள், முதல் சுரங்கம் வெட்டப்பட்ட ஆண்டுகளில் சிறுவர்களாக இருந்து, இன்று எழுபது வயதைக் கடந்துவிட்டவர்கள்.