வழக்கால் வரும் நீரும் இணக்கத்தால் வரும் நீரும்

சென்னைக்கு மேற்கே, அம்பத்தூருக்கும் திருவேற்காட்டுக்கும் இடையே அமைந்த ஊர் அயனம்பாக்கம். ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த இவ்வூர், இன்று வீடுகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிறைந்த புறநகர். சுற்றியுள்ள ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களின் நிலையும் இதுவே.

இப்பகுதியில் ஒரு குடும்பத் தலைவி சமையலுக்கும், ஒளுச் செய்வதற்கும், குழந்தையைக் குளிப்பாட்டுவதற்கும் தண்ணீரை எடுக்கிறார். அந்நீர் எந்த மாநிலத்து மலையில் பெய்த மழை என்று அவர் எண்ணிப் பார்த்திருப்பாரா? சென்னை மாநகர் அருந்தும் நீரில் ஒரு பகுதி, மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றி, மராட்டியம், கர்நாடகம், தெலங்கானா, ஆந்திரம் ஆகிய மாநிலங்களின் வழியே வரும் கிருஷ்ணா நதியின் நீர். இன்னொரு பகுதி, குடகில் பிறந்த காவிரியின் நீர். முன்னது இணக்கத்தால் வந்தது; பின்னது நீண்ட வழக்கின் நிழலில் வருவது.

இணக்கத்தால் வந்த கிருஷ்ணா

கிருஷ்ணா நதியில் தமிழகத்துக்குச் சட்டப்படியான பாத்தியதை ஏதுமில்லை. ஆயினும் 1976ஆம் ஆண்டில் மராட்டியம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களும் சென்னை மக்களின் தாகத்தைக் கருதித் தத்தம் பங்கிலிருந்து தலைக்கு 5 டி.எம்.சி. தர ஒப்புக்கொண்டன. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி.) 1983 ஏப்ரலில் தமிழக அரசும் ஆந்திர அரசும் இதற்கான உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. மொத்தம் 15 டி.எம்.சி.யில், வழியில் ஆவியாகிப் போவது 3 எனக் கழித்து, மாநில எல்லையில் ஆண்டுதோறும் 12 டி.எம்.சி. தருவது என்பது ஏற்பாடு.

கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து ஊத்துக்கோட்டை அருகே எல்லை வரை சுமார் 152 கிலோமீட்டர். அங்கிருந்து பூண்டி வரை 25 கிலோமீட்டர். இக்கால்வாய் வழியே 1996இல் முதன்முறையாகக் கிருஷ்ணா நீர் தமிழக எல்லையைத் தொட்டது. பூண்டியிலிருந்து அது புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் செல்கிறது. ஒப்புக்கொண்ட 12 டி.எம்.சி. என்பது, பூண்டி ஏரியை ஏறத்தாழ நான்கு முறை நிரப்பத்தக்க அளவு. ஆனால் பெரும்பாலான ஆண்டுகளில் அம்முழு அளவு வந்து சேரவில்லை. வழியில் கசிவும் உறிஞ்சலும் ஒருபுறம். அணைகளில் நீர் குன்றும் ஆண்டுகள் மறுபுறம். இணக்கமும் கூட மழையைக் கட்டளையிட்டு வரவழைக்க முடியாதல்லவா?

வழக்கில் நின்ற காவிரி

காவிரியின் கதை வேறு. சென்னை மாகாணத்துக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் இடையே 1892இலும் 1924இலும் ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. இரண்டாவது ஒப்பந்தத்துக்கு 50 ஆண்டுகள் நிறைந்த 1974க்குப் பின் பிணக்கு முற்றியது. கிருஷ்ணா உடன்படிக்கை கையொப்பமான அதே 1983ஆம் ஆண்டில், காவிரிப் பாசன உழவர்களின் சங்கம் ஒன்று உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டிற்று.

மாநிலங்களுக்கிடையிலான ஆற்றுநீர்ப் பிணக்குகளைச் சாதாரண நீதிமன்றங்கள் விசாரிப்பதற்குப் பதில் தனி நடுவர் மன்றம் விசாரிக்க, அரசியலமைப்பின் 262ஆம் பிரிவின் கீழ் 1956இல் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. அதன்படி 1990இல் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. 1991இல் அது இடைக்கால ஆணை வழங்கியபோது கர்நாடகத்தில் கலவரம் மூண்டு, தமிழ்க் குடும்பங்கள் பல வீடு வாசலை விட்டு ஓட நேர்ந்தது. இறுதித் தீர்ப்பு வந்தது 2007இல். அதை மாற்றியமைத்து உச்சநீதிமன்றம் 2018 பிப்ரவரியில் முடிவுரைத்தது: தமிழகத்துக்கு 404.25 டி.எம்.சி., கர்நாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. பிலிகுண்டுலுவில் கர்நாடகம் ஆண்டுதோறும் தரவேண்டியது 177.25 டி.எம்.சி. ஆற்றுநீர் நாட்டின் பொதுச் சொத்து; எந்த மாநிலமும் தனியுரிமை கொண்டாட இயலாது என்ற நெறியையும் நீதிமன்றம் நிலைநாட்டியது.

உழவர்கள் வழக்குத் தொடுத்ததிலிருந்து இம்முடிவு வர 35 ஆண்டுகள் ஆயின. அன்று தொட்டிலில் கிடந்த குழந்தை நடுவயதை எட்டிவிட்டது! இத்தனைக்குப் பின்னும், மழை பொய்த்த ஆண்டில் பற்றாக்குறையை எவ்வாறு பகிர்வது என்ற வினா எழும்போதெல்லாம் பிணக்கு மீண்டும் தலைதூக்குகிறது. 2023இலும் அதையே கண்டோம். தீர்ப்பு பங்கைச் சொல்லும். இல்லாத நீரை உண்டாக்காது.

மதீனாவின் வாய்க்கால் வழக்கு

இத்தகைய வழக்கொன்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முன்னிலைக்கும் வந்ததை நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. மதீனாவின் ஹர்ராப் பகுதியில் ஓடிய ஒரு வாய்க்கால். மேல்புறத்து நிலம் ஜுபைர் (ரலி) அவர்களுடையது. கீழ்ப்புறத்து நிலம் அன்சாரி ஒருவருடையது. தம் நிலத்துக்குப் பாய்ச்சியபின் அண்டை வீட்டாருக்கு நீரை விட்டுவிடுமாறு ஜுபைரிடம் நாயகம் கூறினார்கள். இருவருக்கும் எளிதான ஏற்பாடு அது. அன்சாரியோ, ஜுபைர் தங்கள் அத்தை மகன் என்பதால்தானே இப்படி என்று குறைபட்டார். அதன்பின், வரப்பளவு நீர் நிறையும் வரை ஜுபைர் தேக்கிக்கொள்ளலாம் என்று முழு உரிமையையும் தீர்ப்பாக அளித்தார்கள்.

இதில் நமக்குள்ள படிப்பினை யாது? இணக்கம் கீழ்நிலத்தாருக்குக் கூடுதலாகத் தந்தது. அதைத் தட்டியபோது, எஞ்சியது சட்டத்தின் கண்டிப்பான அளவே. மேல்நிலத்தாருக்கும் இதில் பாடமுண்டு. தேக்கிக்கொள்ள முழு உரிமை உள்ளவரிடமே, விட்டுக்கொடுக்குமாறு முதலில் சொல்லப்பட்டது. எனினும் கீழ்நிலத்தாரின் நெல்லும் உயிரும் மேல்நிலத்தாரின் நல்ல மனத்தை மட்டுமே நம்பியிருக்க முடியாது. ஆகவே நீதிமன்றமும் வேண்டும். அது வகுத்த பங்கை அன்றாடம் அளந்து தர, 2018இல் அமைந்த காவிரி மேலாண்மை ஆணையமும் வேண்டும். அவற்றோடு இணக்கமும் வேண்டும்.

நம் வாசலில் உள்ள வழக்கு

2019இல் சென்னையின் ஏரிகள் வறண்டன. அவ்வாண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து காவிரிக் குடிநீர் ரயிலில் ஏற்றப்பட்டு, ஆவடி, அம்பத்தூர் தடத்தின் வழியே வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. ஒரு நடைக்கு 50 வேகன்கள், சுமார் 25 லட்சம் லிட்டர். அந்நீரைத் தருவதற்கு வேலூர் வட்டாரத்திலும் எதிர்ப்புக் குரல் எழுந்தது. அண்டை மாநிலத்தை நோக்கி நாம் சொல்லும் நியாயத்தை, நம் மாநிலத்துச் சிற்றூர்கள் நம்மை நோக்கிச் சொல்லின!

ஆகவே, கேட்பவர் கையும் தூய்மையாக இருக்கவேண்டும். அயனம்பாக்கம் ஏரியைப் போன்ற நீர்நிலைகளுக்கு எந்த மாநிலத்தோடும் வழக்கில்லை. எந்த நடுவர் மன்றமும் தேவையில்லை. வரத்துக் கால்வாயில் குப்பை கொட்டாதிருப்பதும், கழிவுநீரைக் கலக்காதிருப்பதும், கரையை ஆக்கிரமிக்காதிருப்பதும் நம் பொறுப்பு. 2003இல் தமிழகம் கட்டாயமாக்கிய மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டி நம் வீட்டில் தூர்ந்து கிடக்கிறதா என்று மழைக்கு முன் பார்ப்பதும் அத்தகையதே.

அண்டை மாநிலத்திடம் நம் பங்கை உரிமையோடு கேட்போம். அதே வேளையில், நம் கூரையில் விழும் மழைக்கும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்கள் நாம் என்பதை மறவாதிருப்போம்.