தப்பு செய்தது ஒருவர். 50 நாள் ஜெயிலில் கிடந்தது வேறொருவர்! வாடிக்கையாளர் விவரத்தை இன்டர்நெட் கம்பெனிகள் யாருக்கு கொடுக்கலாம்?

2007-ம் ஆண்டு ஆகஸ்டு மாத கடைசி. பெங்களூரில் ஒரு சாப்ட்வேர் என்ஜினீயர் வீட்டுக்கு புனே போலீசார் வந்தனர். அவரை கைது செய்து புனே கொண்டு போய் ஜெயிலில் அடைத்தனர்.

ஆர்குட் வெப்சைட்டில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தி படம் போட்டார் என்பது அவர் மீதான புகார். "எனக்கு எதுவும் தெரியாது" என்று அவர் சொன்னது எடுபடவில்லை. 50 நாட்கள் ஜெயிலில் கிடந்தார். படம் போட்டவர் வேறு ஆள்.

தவறு எங்கே நடந்தது? படம் வெளியான ஐ.பி. நம்பர் யாருடையது என்று போலீசார் இன்டர்நெட் கனெக்ஷன் கொடுத்த கம்பெனியிடம் கேட்டனர். கம்பெனி, சம்பந்தமே இல்லாத இந்த வாலிபரின் பெயர், முகவரியை கொடுத்து விட்டது. ஒரு துண்டு விவரம் தப்பாக போனதால் ஒரு குடும்பமே நொந்து போனது.

வீட்டு ஓனர் மாதிரி

இந்த சம்பவத்தில் இன்டர்நெட் கனெக்ஷன் கொடுத்த கம்பெனி. இதே சிக்கல், வெப்சைட்டுகளுக்கு கம்ப்யூட்டரில் வாடகைக்கு இடம் விடும் 'ஹோஸ்டிங்' கம்பெனிகளுக்கும் உண்டு.

ஹோஸ்டிங் கம்பெனி என்பது வீட்டு ஓனர் மாதிரி. மளிகை கடை, டிராவல்ஸ், பள்ளிக்கூடம் என்று எல்லா வெப்சைட்டும் ஏதோ ஒரு கம்பெனியின் 'சர்வர்' என்ற பெரிய கம்ப்யூட்டரில்தான் குடியிருக்கிறது. ஒரே சர்வரில், ஒரே ஐ.பி. நம்பரில் நூற்றுக்கணக்கான வெப்சைட்டுகள் ஒண்டுக்குடித்தனம் நடத்துவது சகஜம்.

அதில் ஒரு ஆசாமி போலி பேங்க் வெப்சைட் திறக்கிறான். இன்னொருவன் பெண்களின் போட்டோவை மார்பிங் செய்து போடுகிறான். பாதிக்கப்பட்டவர்கள் கம்பெனிக்கு புகார் அனுப்புகிறார்கள். "இவன் யார்? பெயர், போன் நம்பர் கொடுங்கள்" என்று கேட்கிறார்கள்.

ஆத்திரத்தில் கேட்பது நியாயம்தான். ஆனால் கம்பெனி உடனே எடுத்துக் கொடுத்து விட முடியாது.

ஏன் கொடுக்க கூடாது?

முதல் காரணம், தப்பு செய்வது போல தெரிகிற வாடிக்கையாளரே பல நேரங்களில் பாதிக்கப்பட்டவராக இருப்பார். பாஸ்வேர்டு லேசாக இருந்தால் ஹேக்கர்கள் உள்ளே புகுந்து, பாத்திரக்கடை வெப்சைட்டுக்குள்ளேயே போலி பேங்க் பக்கத்தை வைத்து விடுவார்கள். கடைக்காரருக்கு அது தெரியவே தெரியாது. அவர் முகவரியை வெளியே விட்டால், ஏமாந்தவர்கள் கடை வாசலில் வந்து நிற்பார்கள்.

இரண்டாவது காரணம், கேட்பவர் யார் என்பதும் கம்பெனிக்கு தெரியாது. வீட்டை விட்டு தப்பி வந்த மனைவியை தேடும் கணவன் கூட, "இந்த வெப்சைட் மோசடி" என்று பொய் புகார் கொடுத்து முகவரி கேட்கலாம்.

மூன்றாவது சட்டம். தனிமனித ரகசியம் அடிப்படை உரிமை என்று 2017-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் தீர்ப்பு கூறினர். ஒப்பந்தப்படி பெற்ற வாடிக்கையாளர் விவரத்தை, கெடுதல் வரும் என்று தெரிந்தே சம்மதம் இல்லாமல் வெளியே விட்டால் தகவல் தொழில்நுட்ப சட்டம் 72-ஏ பிரிவின்படி 3 ஆண்டு வரை ஜெயில் உண்டு.

யார் கேட்டால் கொடுக்கலாம்?

கோர்ட்டு கேட்டால் கொடுத்தாக வேண்டும். வழக்கு விசாரணைக்கு தேவை என்று போலீஸ் நிலைய பொறுப்பு அதிகாரி எழுத்து மூலம் உத்தரவு போட்டாலும் கொடுக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறை சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) 94-வது பிரிவு இதை சொல்கிறது. பழைய சட்டத்தில் இது 91-வது பிரிவு.

கொடுக்க விவரம் இருக்க வேண்டுமே? அதற்குத்தான் 2022 ஏப்ரல் 28-ந்தேதி மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு உத்தரவு போட்டது. சர்வர் வாடகைக்கு விடும் கம்பெனிகள், வாடிக்கையாளரின் சரிபார்த்த பெயர், முகவரி, போன் நம்பர், ஐ.பி. நம்பர், எதற்காக இடம் எடுக்கிறார் என்ற விவரத்தை, கணக்கு முடிந்த பிறகும் 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

ஆளை மறைக்கும் வி.பி.என். கம்பெனிகளுக்கும் இதே கட்டளை. அதை ஏற்காமல் எக்ஸ்பிரஸ் வி.பி.என்., நார்டு வி.பி.என். போன்றவை 2022-ல் இந்தியாவில் இருந்த சர்வர்களை மூட்டை கட்டி விட்டன.

கம்பெனிகளின் கம்ப்யூட்டர் கடிகாரம் எல்லாம் அரசு கடிகாரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்றும் அந்த உத்தரவில் உள்ளது. இது சின்ன விஷயம் அல்ல. பல கனெக்ஷன்களில் ஐ.பி. நம்பர் அடிக்கடி கைமாறும். காலையில் ஒருவரிடம் இருந்த நம்பர், மாலையில் இன்னொருவரிடம் இருக்கும். வெளிநாட்டு சர்வர்கள் பல, கிரீன்விச் நேரத்தில் கணக்கு எழுதுகின்றன. நமக்கும் அதற்கும் 5½ மணி நேர வித்தியாசம். அதை கூட்ட மறந்தால் அப்பாவி மாட்டிக்கொள்வார்.

சர்வரையே தூக்கியதால் விபரீதம்

அமெரிக்காவில் டல்லாஸ் நகரில் 2009 ஏப்ரல் 2-ந்தேதி, மோசடி வழக்குக்காக எப்.பி.ஐ. அதிகாரிகள் 'கோர் ஐ.பி.' என்ற சர்வர் கம்பெனியில் ரெய்டு நடத்தினர். அங்கிருந்த கம்ப்யூட்டர்களை மொத்தமாக அள்ளிச்சென்றனர். வழக்குக்கு சம்பந்தம் இல்லாத சுமார் 50 நிறுவனங்களின் இ-மெயிலும் தகவல்களும் முடங்கின. ஒரு வீட்டில் திருடன் இருந்தான் என்பதற்காக தெருவையே காலி செய்த கதை!

புகார் கொடுத்தவருக்கும் ஆபத்து

ரகசியம் என்பது புகார் கொடுப்பவருக்கும் வேண்டும். 2017-ம் ஆண்டு மே மாதம் இது அம்பலமானது. வெப்சைட்டுகளுக்கு முன்னால் காவலாளி போல நிற்கும் அமெரிக்க கம்பெனி கிளவுட்பிளேர். அது, நாஜி கொள்கை பேசும் ஒரு வெப்சைட் பற்றி வந்த புகார்களை, கொடுத்தவரின் பெயர், இ-மெயிலோடு அந்த வெப்சைட்டுக்கே அனுப்பி வந்தது. புகார் கொடுத்தவர்களுக்கு மிரட்டல் வந்தது. பிறகு பெயரை மறைத்து புகார் கொடுக்க கம்பெனி வழி செய்தது.

என்ன செய்ய வேண்டும்?

* பாதிக்கப்பட்டால் வெப்சைட் முகவரியை முழுசாக எழுதி, தேதி, நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

* கம்பெனியிடம் "பக்கத்தை எடுங்கள், விவரத்தை அழிக்காமல் போலீசுக்காக வையுங்கள்" என்று கேளுங்கள். அடையாளத்தை போலீசார் கேட்டு வாங்குவார்கள். உங்கள் பெயரை எதிராளிக்கு அனுப்ப வேண்டாம் என்றும் எழுதுங்கள்.

* பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற நம்பருக்கு போன் போடுங்கள். மற்ற புகார்களை மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்திலோ, போலீஸ் நிலையத்திலோ கொடுக்கலாம்.

* "உன் பெயரில் ஒரு கணக்கு திறந்து கொடு மச்சான்" என்று யார் கேட்டாலும் ஆதார், பான் கார்டு காப்பியை கொடுத்து விடாதீர்கள். நாளைக்கு அந்த கணக்கில் எவன் என்ன செய்தாலும் போலீசார் முதலில் கதவை தட்டுவது உங்கள் வீட்டைத்தான்.